வாங்குபவரின் இடது பெருவிரல்

எனக்குக் கையெழுத்து குண்டு குண்டாக, தெளிவாக இருக்கும். இதைப் படிக்க உங்களுக்குச் சிரமம் இருக்காது, ஐயா. வாயால் சொன்னால் நடுவில் யாராவது குறுக்கே பேசுவார்கள், நான் சொல்ல வந்தது வேறெங்கோ போய்விடும். நானே கேட்டுக் காகிதம் வாங்கியது அதற்குத்தான்.

இருபத்தாறு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பயிற்சிப் பள்ளியில் எல்லோருக்கும் நான் மாஸ்டர். கோபம் வந்தால் என் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஸ்டியரிங்கைத் தொடவே கை நடுங்கியவர்கள் எத்தனையோ பேர் என்னிடம் கற்றுக்கொண்டு இன்று ஹாயாக ஓட்டுகிறார்கள். நான் சிவப்பு விளக்கைத் தாண்டியதே இல்லை. மஞ்சள் விழுந்தாலே நின்றுவிடுவேன். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்துத் தீர்த்தாலும் எனக்குக் காது கேட்காது.

என் சொந்தக் கார் சாம்பல் நிறம். பகல் முழுக்கப் பள்ளி வண்டியில்தான் இருக்கிறேன், இது எதற்கு வாசலில் வெயில் காய வேண்டும் என்று விற்க நினைத்தேன். எங்கள் பள்ளிக்கு எதிரே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் கேட்டார். என் மனைவிக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்தவர். சிரித்த முகம். ஒரு சுற்று ஓட்டிக் காட்டக் கூட்டிப் போனபோது, நான் கொஞ்சம் சட்டென்று பிரேக் போட்டுவிட்டேன்.

"மெதுவா, மாஸ்டர். நெஞ்சுக்குள்ள வால்வு மாத்தி வச்சிருக்காங்க" என்றார். "ரத்தம் உறையாம இருக்க தினமும் மாத்திரை. ஷேவ் பண்ணும்போது கீறிக்கிட்டாக்கூட ஒரு மணி நேரம் ஒழுகும். வீட்டுல பிளேடை ஒளிச்சு வச்சிட்டாங்க."

இருவரும் சிரித்தோம். அன்றே பேச்சு முடிந்தது. பானெட்டின் மேல் பெயர் மாற்றப் படிவத்தை விரித்து வைத்து, விற்பவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். வாங்குபவர் என்ற இடத்தில் அவர் போட வேண்டும். அதற்குள் கடையில் ஆள் வந்து நின்றது. "நாளைக்குப் போட்டுடறேன் மாஸ்டர், எங்க ஓடிப்போகப் போறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்தார். நானும் விட்டுவிட்டேன். நான் செய்த தவறு என்று எதையாவது குறிக்க வேண்டுமென்றால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை மாதத்தில் முதல் நோட்டீஸ் வந்தது. சிக்னல் கேமரா எடுத்த படம். சிவப்பு விளக்கு, அதன் கீழே என் சாம்பல் கார், அதன் கீழே என் பெயர். பிறகு வரிசையாக வந்துகொண்டே இருந்தன. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டவருக்குச் சிவப்பு எது பச்சை எது என்று தெரியவில்லை. அபராதத்தை மட்டும் அன்றன்றே அவர் கட்டிவிடுவார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் குற்றம் என் பெயரில் ஏறிவிட்டது. அது கட்டினால் போகிற சமாச்சாரம் இல்லை.

வாகனப் பதிவு அலுவலகத்துக்குச் செருப்புத் தேய நடந்தேன். இரண்டாம் ஜன்னலில் ஓர் அம்மா. கெட்டவர் இல்லை, கணினியைப் பார்த்தபடியே பேசுகிறவர்.

"வண்டிய வித்துட்டேன்மா" என்றேன்.

"வித்தது உங்களுக்குத் தெரியும் சார். எங்களுக்குத் தெரியாதே. பேப்பர்ல வண்டி உங்களோடதுதான்."

"நான் கையெழுத்துப் போட்டுட்டேன், பாருங்க."

"நீங்க போட்டா ஆச்சா? வாங்கினவர் போடணும். கையெழுத்து வாங்க முடியலைன்னா கைநாட்டாவது வாங்கிட்டு வாங்க. ரெண்டுல எதுன்னாலும் சரிதான்னு படிவத்துலயே போட்டிருக்கே."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன். உண்மைதான். 'வாங்குபவரின் கையெழுத்து அல்லது இடது பெருவிரல் ரேகை' என்று பொடி எழுத்தில் இருந்தது.

கண்ணாடிக் கடைக்காரர் ஒருநாளும் என்னிடம் முகம் கோணியதில்லை. அதுதான் தாங்க முடியாதது. போனவுடன் ஸ்டூலைத் துடைத்துப் போடுவார். என் கண்ணாடியை நான் கேட்காமலேயே கழற்றி வாங்கித் துடைத்துத் தருவார். "இந்த வாரம் கண்டிப்பா, மாஸ்டர்" என்பார். ஒரு வாரம் இன்ஷூரன்ஸ் காகிதத்தைக் காணவில்லை. ஒரு வாரம் அவருடைய மச்சான் கல்யாணம். ஒருமுறை பேனாவைக் கையில் எடுத்தே விட்டார், அதற்குள் ஒரு கைக்குழந்தையோடு யாரோ வந்து பவர் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். தன் பெயருக்கு மாற்றினால் நோட்டீஸெல்லாம் தன் வீட்டுக்கு வரும், வீட்டில் கத்துவார்கள் என்று ஒருநாள் அவரே வாய்தவறிச் சொன்னார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் கண்டுகொள்ளாததுபோல் இருந்துவிட்டேன். அன்று திரும்பி வரும் வழியில் ஸ்டேஷனரிக் கடையில் ஒரு மைப்பெட்டி வாங்கினேன். ஊதா மை. எதற்கு வாங்கினேன் என்று கேட்டீர்கள். படிவத்தில் இருந்தது, வாங்கினேன். அவ்வளவுதான்.

பதினோராவது படம் வந்த மாதம் என் பயிற்சியாளர் அனுமதியை நிறுத்திவைத்தார்கள். தொடர்ந்து சிவப்பு விளக்கைத் தாண்டுகிறவர் பிறருக்குக் கற்றுக்கொடுக்கத் தகுதியற்றவர் என்று கடிதம். இருபத்தாறு வருடம், ஐயா. முதலாளி நல்லவர், வெளியே போ என்று சொல்லவில்லை. முன்னறையில் ஒரு மேசையைப் போட்டு, வருகிறவர்களின் பெயரை எழுதச் சொன்னார். என்னிடம் கற்றுக்கொண்ட ஒருவர் தன் மகளைச் சேர்க்க வந்தார். "மாஸ்டர், நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார். முதுகுவலி என்றேன். அனுமதி திரும்பக் கிடைக்க வேண்டுமென்றால் வண்டி என் பெயரிலிருந்து போக வேண்டும், போன தேதி படங்களுக்கு முந்தியதாக இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்குள் இல்லையென்றால் அனுமதியை ஒரேயடியாக ரத்து செய்துவிடுவார்கள். அந்த இரண்டு மாதத்தில் ஒன்பது நாள்தான் பாக்கி இருந்தது.

என் மனைவி சொன்னாள்: "அந்தாளு கடைக்குள்ள போய் உக்காருங்க. போடற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க. உங்களுக்கு வாய் எதுக்கு இருக்கு?" எனக்குச் சண்டை போட வராது. யார்மேலும் நான் கைநீட்டியதோ, யாரையும் ஏசியதோ இல்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பீர்கள், சொல்லியிருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சாம்பல் கார் ஒன்று பாலத்துச் சுவரில் மோதிவிட்டது, ஓட்டினவர் தலையில் அடி, மயக்கமாக இருக்கிறார், பர்ஸ் எதுவும் கிடைக்கவில்லை, போன் நொறுங்கிவிட்டது, வண்டிக்குள் இருக்கும் காகிதத்தில் உங்கள் பெயரும் போன் நம்பரும்தான் இருக்கின்றன, உங்கள் வண்டிதானே என்று கேட்டார்கள். வருகிறேன் என்றேன். உடனே கிளம்பினேன். வேறு ஆளாக இருந்தால் வித்துட்டேன் என்று போனை வைத்திருப்பான். படிவம் பிளாஸ்டிக் உறைக்குள் எப்போதும் என் கைப்பையில்தான் இருக்கும், மைப்பெட்டியும். அன்றைக்கென்று எடுத்துக்கொண்டு போனதாக எழுதிவிடாதீர்கள்.

அவசரப் பிரிவில் திரைக்குப் பின்னால் படுத்திருந்தார். தலையில் கட்டு. முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. ஆனாலும் அடையாளம் தெரிந்தது. ஒரு நர்ஸ் கையில் அட்டையோடு நின்றார்.

"இவர் யாருன்னு தெரியுதா சார்?"

பார்த்தேன். "தெரியலை" என்றேன்.

"உங்க வண்டியை ஓட்டியிருக்காரே?"

"அது என் வண்டி இல்லம்மா."

இது பொய்யில்லை. பதினாலு மாதமாக நான் ஒவ்வொரு ஜன்னலிலும் சொன்ன அதே வார்த்தைதான். யாரும் நம்பவில்லை. அந்த நர்ஸ்தான் முதன்முதலில் அதை எழுதிக்கொண்டார்.

"சரி, இந்த வண்டி இடிச்சு பைக்ல வந்த இன்னொருத்தருக்குக் கால் முறிஞ்சிருக்கு. போலீஸ் வந்தா வண்டி யார் பேருல இருக்கோ அவரைத்தான் கேப்பாங்க. கொஞ்சம் இங்கேயே இருங்க" என்றார். போகும்போது திரும்பி, "இவர் ஏதாவது மாத்திரை சாப்பிடறவரா? டாக்டர் கேக்கறாங்க" என்றார்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஆளைத் தெரியும் என்றால் பெயரைக் கேட்பார்கள். பெயரைச் சொன்னால் அரை மணியில் அவர் மனைவி, மச்சான், அவர்களுக்குத் தெரிந்த வக்கீல் எல்லோரும் வந்து நிற்பார்கள். பைக்காரருடைய கால் யார் கணக்கில் என்று பேச்சு வரும். பேப்பரில் வண்டி யாருடையது என்பார்கள். அதற்குப் பிறகு அந்தப் படிவத்தில் எவர் கையெழுத்துப் போடுவார்? என் இடத்தில் இருந்தால் நீங்களும் இதைத்தான் யோசித்திருப்பீர்கள். மாத்திரை தெரியும் என்றால் ஆளும் தெரியும் என்றாகிவிடுமே.

நர்ஸ் போன் பேசப் போனார். இரண்டு நிமிடம் இருக்கும். இடது கையில் ஊசி ஏற்றவில்லை, வலது கையில்தான் ஏற்றியிருந்தார்கள். படிவத்தைக் கைப்பை மேல் வைத்துக்கொண்டு, பெருவிரலை மையில் தொட்டு வைத்தேன். ரேகை சுத்தமாக விழுந்தது. தேதி இடத்தில் நிஜமாகவே விற்ற தேதியைத்தான் எழுதினேன். பொய்த் தேதி போட எனக்கு மனசு வராது. விரலைத் துடைக்க என் கைக்குட்டையை எடுத்தேன், அதற்குள் காலடிச் சத்தம் கேட்டது. விட்டுவிட்டேன்.

பத்து மணிக்கு அலுவலகம் திறந்தபோது வரிசையில் இரண்டாவதாக நின்றேன். இரண்டாம் ஜன்னல் அம்மா படிவத்தைப் பார்த்தார். "கண்ணாடிக் கடை வச்சிருக்கறவர் கைநாட்டு வைப்பாரா சார்?" என்றார்.

"கையில அடிபட்டிருக்கு" என்றேன்.

முத்திரை விழுந்தது. ரசீது கொடுத்தார். வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாளும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிற்று. எதிரே ஒருவர் சிக்னலில் மஞ்சளுக்கு நின்றார். சந்தோஷமாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

அவர் ஒரு மணிக்கு இறந்தார் என்று பிறகுதான் தெரியும். இரண்டு மணிக்கு உங்கள் ஆட்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் ரசீதைக் காட்டினேன். அதில் அவர் பெயரும் விலாசமும் இருந்தன. அதைப் பார்த்துத்தான் அவர் வீட்டுக்கே தகவல் போனது. அதுவரை அவர் மனைவி, அந்த அம்மாள், கடைப் பூட்டின் முன்னால் நின்று, போகிற வருகிறவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். காலையில் லென்ஸ் பார்சல் எடுக்கப் போனவர் ஏன் வரவில்லை என்று என் பள்ளிக்குள்ளும் வந்து கேட்டிருக்கிறார்கள். அன்று என் மேசையில் நான் இல்லை.

அவர் கையைத் துடைத்துவிடும்போது அந்த அம்மாள்தான் மையைப் பார்த்தார்கள். "எங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போடறவரு. இது யாரு வச்ச மை?" என்று வார்டு முழுக்கக் கேட்டபடி நடந்தார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். நீங்கள் அதை இரண்டு தரம் சொன்னீர்கள், நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ரத்தம் உறையாத மாத்திரை என்று முன்பே தெரிந்திருந்தால் அதற்கு மாற்று மருந்து இருக்கிறது, கொடுத்திருப்பேன் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இருக்கலாம். எனக்கு வைத்தியம் தெரியாது. என் விஷயத்தில் பதினாலு மாதம் யாரும் அவசரப்படவில்லை. அவர் விஷயத்தில் நான் ஒரு காலைநேரம் பேசாமல் இருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மேலே ஓரிடத்தில் திருத்த வேண்டும். மயக்கமாக இருந்தார் என்று எழுதியிருக்கிறேன். அது போனில் சொன்னது. நான் அவர் விரலைப் பிடித்தபோது கண்ணைத் திறந்தார். ஒரு கண்தான் திறந்தது. என்னைத் தெரிந்துகொண்டார். "மாஸ்டர், வந்துட்டீங்களா" என்றார். "வீட்டுக்குச் சொல்லிடுங்க. மாத்திரையை டாக்டர்கிட்ட..." என்று குரல் தேய்ந்துபோனது. சரி என்று தலையாட்டினேன். ஆட்டினதும் அவருக்கு நிம்மதியாகிவிட்டது. இறுக்கிப் பிடித்திருந்த விரலைத் தளர்த்தி என் கையில் கொடுத்தார். ஏமாற்றி வாங்கிய கைநாட்டு என்று குற்றப்பத்திரிகையில் எழுதப்போவதாகச் சொன்னீர்கள், ஐயா. அதை மட்டும் மாற்றிவிடுங்கள். அவர் மனசார, தானாகவே கொடுத்தார்.