பன்றிக் கட்டுரை மீது ஒரு புகார்

காற்று தெற்கே திரும்பினால்தான் பன்றி நாற்றம் தெரியும். மற்ற நாளில் எங்கள் ஊரைப்போல் சுத்தமான ஊர் இந்தச் சமவெளியில் இல்லை. வழக்கறிஞர் ஐயா, நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நீங்கள் டைப் அடித்துக் கொண்டுவந்த வாக்குமூலத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன். அடுத்தவன் எழுதிய தாளை நான் நம்புவதில்லை. இது நானே எழுதுவது.

பெயர் லூமிர் கோலார். வயது எழுபத்தாறு. இரண்டாயிரம் பன்றிகள். கொட்டகைக் கழிவெல்லாம் போய்ச் சேரும் குட்டையின் அடிவிரிப்பு நாலு வருஷம் முன்பு கிழிந்தது. சொன்னால் அதிகாரிகள் வருவார்கள், கொட்டகையை மூடச் சொல்வார்கள். விட்டுவிட்டேன். என் கிணற்றுத் தண்ணீரை மட்டும் சோதனைக்கு அனுப்பினேன். நைட்ரேட் அனுமதித்த அளவைப்போல் நாலு மடங்கு என்று தாள் வந்தது. பெரியவர்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, கைக்குழந்தைக்குக் கொடுத்தால் ரத்தம் மூச்சைச் சுமக்காது, உடம்பு நீலமாகும், கொதிக்கவைத்தால் இன்னும் மோசம் என்று அதில் போட்டிருந்தது. என் வீட்டில் குழந்தை இல்லை. இருந்தாலும் அன்றிலிருந்து டவுன் தண்ணீர்தான் குடிக்கிறேன்.

சரிவில் எனக்குக் கீழே ஃப்ரீசன் குடும்பம், அவர்களுக்கும் கிணற்றுத் தண்ணீர்தான். சபைக் கட்டுப்பாடு உள்ளவர்கள். வீட்டில் இணையம் கிடையாது, டிவி கிடையாது. பதின்மூன்று வயது மகள் லீடியாவுக்குப் பள்ளி சிம் போட்டுக் கொடுத்த டேப்லட்டும் அதிலிருந்த மின்நூலகமும்தான் வெளியுலகம். மார்ச் மாதம் அவள் ஒரு கண்ணாடி ஜாடியோடு வந்து நின்றாள்.

"மிஸ்டர் கோலார், உங்க கிணத்துத் தண்ணி கொஞ்சம் தருவீங்களா? சயின்ஸ் ப்ராஜெக்ட். இதுல பாருங்க, பன்னின்னு தட்டினா எவ்வளவு வருது."

பட்டியலைக் காட்டினாள். சினைப்படுத்தும் ஊசி பற்றிப் படத்தோடு ஒன்று. அதற்குக் கீழே கழிவுக் குட்டையும் கைக்குழந்தைகளும் என்று ஒன்று.

"அது என்னது?"

"அத இனிமேதான் படிக்கணும். எங்க தம்பிப் பாப்பா ஜோனஸையும் அதுல சேத்துக்கலாம். அழுதான்னா உதடெல்லாம் ப்ளூபெர்ரி தின்ன மாதிரி ஆயிடுது."

ஜோனஸுக்கு அப்போது ஏழு வாரம். புட்டிப்பால். பம்பு ரிப்பேர் என்று சொல்லி ஜாடியைக் காலியாக அனுப்பினேன்.

எங்கள் மாநிலத்தில் ஒரு சட்டம் உண்டு. பள்ளி மின்நூலகத்தில் ஆபாசமாக ஒரு கட்டுரை இருக்கிறது என்று வட்டாரத்தில் யார் எழுதிக் கொடுத்தாலும், அதை நடத்தும் கம்பெனி சுத்தம் செய்து நிரூபிக்கும்வரை நூலகம் முழுவதையும் பள்ளி மூடிவைக்க வேண்டும். படிவங்கள் சர்ச் வாசலில் அடுக்கியிருக்கும். அன்று மாலையே ஒன்று நிரப்பினேன். சினை ஊசிக் கட்டுரை ஆபாசம் என்று எழுதினேன்.

பள்ளி நூலகர் மிஸஸ் ஹோல்ம்க்விஸ்ட் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"லூமிர், வருஷம் முச்சூடும் உன் கொட்டகையில நீ போடறதே இந்த ஊசிதான். இப்ப என்ன, உன் பன்னிங்க வெக்கப்படுதா?"

"சட்டம் என்ன சொல்லுது?"

"மூடச் சொல்லுது. மூடலேன்னா என் வேலை போயிடும். திறக்க அறுபது நாளாவது ஆகும்யா. பிள்ளைங்க ப்ராஜெக்ட் பாதியில நிக்குது."

"பட்டாம்பூச்சியப் பத்தி எழுதச் சொல்லு."

அலமாரியிலிருந்த பழைய புத்தகத்தைப் பார்த்து லீடியா பட்டாம்பூச்சியைப் பற்றித்தான் எழுதினாள்.

அதன்பிறகு எனக்கு வாயைத் திறக்க வழியில்லாமல் போயிற்று. சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பார்கள். ஒவ்வொரு நாளும் அந்த 'இத்தனை நாளோடு' இன்னொரு நாள் கூடியது. ஒருமுறை டவுன் தண்ணீர் இரண்டு கேன் அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். எங்கள் பக்கம் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். மறுவாரம் ஃப்ரீசன் கேன்களைத் தன் கிணற்றில் நிரப்பிக் கொண்டுவந்தான். "எங்க தண்ணியக் குடிச்சுப் பாருங்க. உங்க டவுன் தண்ணியெல்லாம் மருந்து நாத்தம்," என்றான். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அவன் வண்டி திரும்பியதும் கொட்டிவிட்டேன்.

அவன் மனைவி டீனா சுத்தக்காரி. பால் கரைக்கும் தண்ணீரை இருபது நிமிஷம் கொதிக்கவிடுவதாகச் சர்ச்சில் பெருமையாகச் சொன்னாள். நல்லது என்றேன். ஜோனஸின் நீல உதட்டைப் பார்த்து டாக்டர் இதயக் கோளாறாக இருக்கும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அங்கே முறை வருவதற்குள், புகார் கொடுத்த இருபத்துநாலாம் நாள், ஜோனஸ் போய்விட்டான். என் பன்றித் தொடை ஒன்றைச் சுட்டு அடக்கத்துக்கு எடுத்துப் போனேன். டீனா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைங்க கண்ணுல கண்டதும் படக்கூடாதுன்னு இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான் கவலைப்பட்டீங்க," என்றாள். ஆமாம் என்றேன்.

ஆக, எனக்குத் தெரியும். கிணறு தெரியும், குழந்தை தெரியும், அந்தக் கட்டுரை அவள் கைக்குப் போகக்கூடாது என்றுதான் மூடவைத்தேன். இதில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் லீடியாவை யோசிக்கவில்லை. அவள் அதைப் படித்திருந்தால், தம்பி எதனால் சாகிறான் என்று தெரிந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பாள். பதின்மூன்று வயதில் அந்தப் பாரம் எதற்கு? அந்தப் பெண்ணையாவது நான் காப்பாற்றினேன்.