நூற்றுக்கு அறுபது

பிப்ரவரியில் எங்கள் பள்ளத்தாக்கில் வண்டியை எடுப்பதற்கு முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும். பனி அப்படி. என் வண்டி டயருக்குச் சங்கிலி உண்டு. அதனால் தேர்தல் வந்தால், தபாலில் வீட்டுக்கு வரும் வாக்குச்சீட்டை நிரப்பி ஒட்டிய உறைகளை அக்கம்பக்கத்தார் என்னிடம் கொடுத்துவிடுவார்கள். டவுன் நூலக வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு வருவேன். பதினோரு வருடத்தில் ஓர் உறைகூடத் தவறியதில்லை, இந்த வருடம் வரை.

இங்கே நூற்றுக்கு அறுபது பேர் சம்மதித்தால்தான் ஆம்புலன்ஸுக்கென்று வீட்டு வரியை ஏற்ற முடியும். பாதிக்கு மேல் இருந்தாலே போதும் என்று அதை மாற்றப் பார்க்கிறார்கள். நான் அதை எதிர்த்து ஊரெல்லாம் போர்டு நட்டு, வீடு வீடாகப் போனவன். பாதிப் பேர் சரி என்றால் மீதிப் பேர் வீட்டை விற்க வேண்டுமா? என் அக்கா ஓலெட்டாவுக்கு எழுபத்தெட்டு வயது. நகரத்துக்காரர்கள் ஆற்றோரம் மாளிகை கட்டியதில் அவளுடைய பழைய வீட்டுக்கும் மதிப்பு ஏறி, வரியும் ஏறிவிட்டது. இன்னும் ஏறினால் வீட்டை விட்டுப் போகவேண்டியதுதான் என்று என்னிடம் அழுதாள். தாயில்லாத என்னை வளர்த்தவள். என்னால் தாங்க முடியவில்லை.

இந்தப் பிப்ரவரியில், எங்கள் ஆம்புலன்ஸ் நிலையத்தை மூடாமல் வைத்துக்கொள்ள வரி ஏற்றலாமா என்று வாக்கெடுப்பு வந்தது. உறை கொடுத்தவர்கள் ஏழு பேர். ஏழு பேருமே ஏற்றலாம் என்று போட்டதாகச் சொன்னார்கள். கடைசியாகக் கொடுத்தது அக்கா.

"டேய் வெர்லின், மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. நான் ஏத்தலாம்னுதான் போட்டிருக்கேன்."

"அன்னைக்கு அழுதியேக்கா?"

"அழுதா என்ன? நாலு கோழிய வித்தாவது கட்டிக்கிறேன். எனக்கு நெஞ்சு அடைச்சா, நீ ஊரெல்லாம் நட்டு வச்ச போர்டா வந்து தூக்கிட்டுப் போகும்?" சிரித்தாள். "ஒழுங்கா பெட்டில போடு, கிறுக்கா."

ஏழு உறைகளும் என் ஆப்பிள் கிடங்கில், பழப்பெட்டிகளுக்கு அடியில் இருக்கின்றன. எதையும் பிரிக்கவில்லை. அடுத்தவர் உறையைப் பிரிப்பது தப்பு.

நானூற்றுப் பத்துப் பேர் வாக்களித்திருந்தார்கள். இருநூற்று நாற்பத்தாறு வேண்டும். இருநூற்று நாற்பத்து நாலுதான் வந்தது. மார்ச் கடைசியில் நிலையத்தைப் பூட்டினார்கள்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அக்கா சமையலறையில் விழுந்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். டவுனிலிருந்து வண்டி வர ஐம்பது நிமிடம் ஆகும் என்றார்கள். அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"வண்டி வருதாடா?"

"வருதுக்கா."

"ரெண்டே ரெண்டு வோட்டுல போச்சேடா. எந்தப் பாவி போடாம விட்டானோ."

நான் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டேன். இன்னும் இரண்டு தடவை வண்டி வருகிறதா என்று கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. வண்டி வந்தபோது அவள் கை என் கைக்குள் சில்லிட்டுப் போயிருந்தது. அன்றைக்கு அழ ஆரம்பித்தவன், ஐயா, இன்னும் நிறுத்தவில்லை.

என்னிடம் உறை கொடுத்த பக்கத்து வீட்டு டார்வின் தன் வாக்கு எண்ணப்படவே இல்லை என்று கண்டுபிடித்து, விசாரிக்கச் சொல்லி உங்களைக் கூப்பிட்டாராம். நல்ல மனிதர், அவர்மேல் வருத்தமில்லை. உறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். போடாமல் விட்டவன் நான்தான். ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அக்கா அந்த வீட்டை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் செய்தேன். அவள் போகவில்லை. கடைசி மூச்சு வரை அங்கேதான் இருந்தாள்.