கன்வஸ் மடிப்பில் கச்சான்

நூருன்னிஸா போடும் தேத்தண்ணியில் இஞ்சி எப்போதும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. மற்றவர்மீது குறை சொல்லும் நிலையில் நான் இப்போது இல்லை.

என் பெயர் றம்ஸீன். மாத்தளை டவுனில் த்ரீவீலருக்குக் கன்வஸ் ஹூட் தைப்பவன். படகுக்குத் தைத்துப் பழக்கமில்லை. ஆனால் சீகிரியாப் பக்கம் குளத்தில் வெள்ளைக்காரர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டும் பாறூக் என் கடைக்கு வந்து, "படகும் ஒரு த்ரீவீலர்தான் மச்சான், சில்லு மட்டும் இல்ல" என்றபோது, அதை நம்பாமலிருக்க எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

நீர்கொழும்பிலிருந்து கைமாறி வந்த பழைய மோட்டார் படகு அது. இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே கன்வஸ் கூரை, சுற்றிலும் கன்வஸ் திரை. திரையில் இருந்த பிளாஸ்டிக் ஜன்னல்கள் பழுத்துப்போய், கரையில் யானை நின்றாலும் எருமை என்று சொல்லிச் சமாளிக்கும் நிலையில் இருந்தன. மழை வந்தால் உள்ளே இருப்பவர்கள்தான் குடை பிடிக்க வேண்டும்.

பழைய கன்வஸைக் கழற்றிப் பாறூக்கின் முற்றத்தில் விரித்து, அதையே அளவாக வைத்துப் புதியதை வெட்டினேன். ஒரு பிழை விட்டேன். கதவுத் திரைக்கு ஸிப் வைத்தபோது பிடியை வெளிப்பக்கம் மட்டும் வைத்துவிட்டேன். சூட்கேஸுக்கு அப்படித்தான். சூட்கேஸில் இருக்கும் சாமான் தானாகத் திறந்து இறங்குவதில்லை. படகில் இருப்பவர்கள் இறங்குவார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. "பரவால்ல, நான் பின்னால எஞ்சின்கிட்ட வெளியதானே நிக்கிறேன். நானே திறந்து விடுறேன்" என்று பாறூக் பெருந்தன்மையாகச் சொன்னான். அந்தப் பெருந்தன்மை பின்னால் உதவியது.

பகல் சாப்பாடு அவன் வீட்டில். தட்டைக் கொண்டுவந்து வைப்பது அவனுடைய தங்கச்சி நூருன்னிஸா. புருஷன் மவுத்தான பிறகு நானா வீட்டோடு வந்துவிட்டவள். என்னையும் நானா என்றுதான் கூப்பிட்டாள். நானா என்றால் அண்ணன். மூத்த ஆண்களை எங்களில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், மரியாதைக்கு. அந்த மரியாதை முதல் நாளே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

"சோறு போதுமா நானா?"

"போதும்."

"போதும்னு சொல்றவர் தட்ட இப்பிடி வழிக்க மாட்டாரே. பாத்து, தட்டுல ஓட்ட விழுந்துரும்."

நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவன் நான். என் முகத்தை நானே சவரம் செய்வதால் அதைப் பற்றி எனக்கு வீண் நம்பிக்கை எதுவும் இல்லை. ஆகவே சிரித்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

தைக்கும்போது கச்சான், அதுதான் வறுத்த நிலக்கடலை, கொறிப்பது என் பழக்கம். சட்டைப்பையிலிருந்து உதிர்ந்த சில கச்சான்கள் கூரை விளிம்பின் மடிப்புக்குள் விழுந்து, அப்படியே தையலுக்குள் போய்விட்டன. இதில் என் குற்றம் எதுவுமில்லை. வேலை முடிந்தது, படகு புதுமாப்பிள்ளை மாதிரி நின்றது, நான் பஸ் ஏறி மாத்தளைக்கு வந்துவிட்டேன். அடுத்த வாரமே பாறூக் ஃபோனில் கோல் எடுத்தான்.

"டேய், கொரங்கு வந்து கூரையக் கிழிச்சிப் போட்டிருக்கு. நீ தெச்சதுல என்னமோ இரிக்கு."

போய்ப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. படகு கட்டும் இடத்துக்கு மேலே ஒரு பெரிய மருதமரம். மரம் நிறையக் குரங்குகள். கிழிந்த மடிப்பில் கச்சான் தோல். உண்மையைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். அதற்குள் நூருன்னிஸா சோறும் மீனாணக் கறியுமாக வந்துவிட்டாள். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு உண்மை பேசுவது சிரமம்.

அந்த முறை மடிப்புக்குள் விழுந்த கச்சான் தானாக விழவில்லை.

துணியும் நூலும் என் செலவு. கூலி வாங்கவில்லை. ஆகவே இதை மோசடி என்று யாரும் சொல்ல முடியாது. பசித்த பிராணிகளுக்குத் தீனி, பாறூக்குக்கு இலவசமாய்ப் புதுக்கூரை, எனக்கு ஒரு பகல் சோறு. யாருக்கு நட்டம்?

"என்ன நானா, திரும்பவும் கொரங்கா?" என்று தட்டை வைத்தாள் நூருன்னிஸா.

"கொரங்குதான்."

"எங்கட வீட்டுப் படகுதான் அதுகளுக்குக் கெடச்சிச்சாக்கும். சரி, கொரங்குக்கு ரொம்பப் புடிச்சது என்ன நானா?"

"இனிப்பு."

"கச்சான விடவா?"

"அத விட" என்றேன். பொது அறிவில் அவளுக்கு ஆர்வம் உண்டு.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அன்ஸாபின் பேச்சு வந்தது. யட்டவத்தையில் கடை வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர். நூருன்னிஸாவைப் பெண் பார்க்க அவரும் அவருடைய மூத்த சகோதரி ராத்தாவும் மாமாவும் வருகிறார்களாம். "கூரைய ஒழுங்காத் தெச்சிக் குடு மச்சான். வாறவங்களப் படகுல ஒரு சுத்துக் கூட்டிப் போகணும். அவங்களுக்குப் புடிச்சா அடுத்த மாசமே நிக்காஹ்" என்றான் பாறூக்.

நான் அமைதியாக யோசித்தேன். நூருன்னிஸா குளத்தைப் பார்த்துப் பழகியவள். யட்டவத்தையில் இந்தக் குளம் இல்லை. பிடித்த கையோடு வீட்டுக்கு வரும் மீன் அங்கே கிடைக்குமா? இதையெல்லாம் யாராவது யோசிக்க வேண்டும். யாரும் யோசிக்காததால் நான் யோசித்தேன். எனக்காக எதையும் செய்யவில்லை. அந்த முறை கூரை, திரை, முன் மூலையில் லைஃப் ஜாக்கெட் வைக்கும் மறைப்பு என்று ஒரு மடிப்பையும் விடாமல், ஒரு பை கச்சானையும் தைத்து முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். நூருன்னிஸா முதல் நாளே கஜு போட்டு, அல்வா மாதிரி இனிப்பான தொதல் கிண்டி வைத்திருந்தாள். அவள் கைத் தொதலுக்கு அயலூரிலும் பெயர் உண்டு. காலையில் விளக்குமாற்றோடு படகைக் கூட்டப் போனவள் வெகு நேரம் கழித்துத்தான் வந்தாள். அவ்வளவு சுத்தம். வந்து பாறூக்கிடம், "மாப்பிள்ளைய மூல சீட்டுல உக்கார வைங்க நானா. அங்கதான் நல்ல காத்து" என்றாள்.

அந்த அக்கறையைக் கேட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று பிரிந்தது. தையல் பிரிவதைப் போல, ஓரத்திலிருந்து மெதுவாக.

விருந்தினர் ஏறினார்கள். உள்ளே முன் மூலை மறைப்புக்கு அடியில் மூன்று வால்கள் தொங்குவதை நான் பார்த்தேன். மற்றவர்கள் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தண்ணி தெறிச்சி உடுப்பு நனையும்" என்று சொல்லி, கதவுத் திரையின் ஸிப்பை நானே வெளியிலிருந்து இழுத்துப் பூட்டினேன். ஸிப் மிக அருமையாக ஓடியது. அதைப் பற்றி எனக்கு இன்றும் பெருமைதான்.

படகு நடுக்குளத்துக்குப் போனது. பின்னால் நின்ற பாறூக்குக்கு எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. புது ஜன்னல்கள் தெளிவானவை என்பதால் கரையிலிருந்த எனக்கு எல்லாம் தெரிந்தது. முதல் ஜன்னலில் அன்ஸாபின் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒரு குரங்கு. இரண்டாம் ஜன்னலில் ராத்தாவின் கைப்பை, அதற்குள் இன்னொரு குரங்கின் தலை. மூன்றாவதில் மாமா, இரு கைகளையும் விரித்து ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு. படகு ஆடுவதைப் பார்த்த பாறூக், விருந்தாளிகள் குஷியாகிவிட்டார்கள் என்று நினைத்து, இன்னொரு சுற்றுப் போனான்.

என் பக்கத்தில் நின்ற நூருன்னிஸா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று நினைத்தேன். ஒரு நல்ல வாழ்வு அவள் கைக்கு எட்டும் நேரத்தில் அதை நான் பூட்டிக் குளத்தில் விட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஓடிப் போய்த் திறக்க நடுவில் தண்ணீர் இருந்தது.

அன்ஸாபுக்குக் காதில் கீறல், ஊசி போட்டார்கள். தோடம்பழத்தோடு பார்க்கப் போனேன். "அதுகளுக்கும் பசிதானே தம்பி" என்றார். அதைக் கேட்டபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருடைய சாமான் ஏற்றும் த்ரீவீலருக்குப் புது ஹூட் தைத்துக் கொடுத்தேன். கச்சான் இல்லாமல். ஆனால் ராத்தா கைப்பையை மறக்கவில்லை. அந்தச் சம்பந்தம் அத்தோடு முறிந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர் மக்கீன் ஹாஜியார் பாறூக்கின் வீட்டு ஹோலில் விசாரணைக்கு உட்கார்ந்தார். தரையில் கிழிந்த கன்வஸ். என் முன்னால் இஞ்சித் தேத்தண்ணி.

"கச்சான் கன்வஸுக்குள்ள மொளைக்காது ஹாஜியார். இவன்தான்" என்றான் பாறூக்.

"நான்தான்" என்றேன். விழுந்த கச்சான், விழ வைத்த கச்சான், வால்கள், ஸிப், எல்லாவற்றையும் சொன்னேன். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. ஹாஜியார் கேட்கவும் இல்லை. நான் உள் கதவைப் பார்த்துப் பார்த்துப் பேசியதே அவருக்குப் போதும் போலிருந்தது.

"அப்ப இது?" பாறூக் மூலை சீட்டுப் பக்கத்துத் திரையைப் புரட்டினான். மாப்பிள்ளை உட்கார்ந்த இடத்துக்கு நேர் பின்னால், மடிப்பு நீளத்துக்குத் தொதல். துண்டு துண்டாக, கஜுவோடு. சிவப்பு நூலில், தலையணை உறைக்குப் போடுவது போல நீண்ட கைத்தையல்.

என்னிடம் சிவப்பு நூல் கிடையாது. கைத்தையலும் நான் போடுவதில்லை. நிமிர்ந்து பார்த்தேன். உள் கதவில் தொங்கிய திரையின் விளிம்பில் அதே சிவப்பு நூல், அதே நீண்ட தையல். திரைக்குக் கீழே இரண்டு கால்கள் அசையாமல் நின்றன.

"அதுவும் நான்தான்" என்றேன்.

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றினார். "தொதல் கிண்டத் தெரியுமா ஒனக்கு?"

"தெரியும் ஹாஜியார். கோதும மா, சீனி, கொஞ்சம் உப்பு..."

திரைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். குளக்கரையில் தோள் குலுங்கியதும் இதே சிரிப்புத்தான்.

"அரிசி மா, றம்ஸீன்" என்றது நூருன்னிஸாவின் குரல். "கருப்பட்டியும் தேங்காப் பாலும். ஒண்ணும் தெரியாம எதுக்கு எல்லாத்தையும் தலைல போட்டுக்குறீங்க?"

நானா என்ற சொல் அதில் எங்கும் இல்லை. பாறூக் புரட்டிய கன்வஸைக் கீழே போட்டான். ஹாஜியார் தன் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, "இஞ்சி தூக்கல்தான்" என்று மட்டும் சொன்னார்.

நான் மெதுவாக எல்லாவற்றையும் திரும்ப நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கிழிசலுக்கும் பஸ் ஏறி வந்தது யார், தட்டோடு காத்திருந்தது யார் என்று. இத்தனை நாளும் தீனி போட்டுப் பழக்கியவன் நான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.