ஏழாம் கேள்விக்குத் தனகோட்டி சொன்ன பதில்

என் கையெழுத்து அழகாக இருக்கும், ஐயா. நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே இருக்கும் எங்கள் சின்ன மருத்துவமனையில் ஒன்பது நர்ஸ்கள் இருந்தும், பெரிய டாக்டர் அந்தக் கணக்கெடுப்பை என்னிடம் கொடுத்தது அதனால்தான். மாத்திரையோடு நாட்டு மருந்தும் சாப்பிடுகிறார்களா, எதை நம்புகிறார்கள் என்று நோயாளிகளைக் கேட்டு எழுத வேண்டும். பத்துக் கேள்வி.

வார்டில் எல்லோரும் பொய் சொன்னார்கள். தலையணைக்கடியில் கீழாநெல்லி உருண்டையை வைத்துக்கொண்டே, "அதெல்லாம் தொடறதே இல்லீங்க சிஸ்டர்" என்றார்கள். டாக்டர் திட்டுவார் என்று பயம். எனக்குப் பொய் சுத்தமாகப் பிடிக்காது.

தனகோட்டி ஒருவர்தான் ஒளிக்காமல் பேசினார். நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், இதயக் கோளாறு. ஏழாம் கேள்வி: உங்களைக் குணப்படுத்துவது எது?

"கஷாயந்தாங்க சிஸ்டர். மாத்திரைய சும்மா பேருக்கு முழுங்கிகினு கெடக்கறேன்."

கஷாய பாட்டிலோடு காடாம்புலியூரிலிருந்து பஸ் ஏறி வந்த சம்பந்தி குழந்தைவேல் அப்போது கட்டிலோரம் நின்றிருந்தார். தனகோட்டி மகளைக் கொடுத்த இடம், அவர் மனம் கோணக்கூடாதுதான். ஆனால் 'சம்பந்தி பக்கத்தில் நிற்கிறார்' என்று குறிக்கப் படிவத்தில் கட்டம் இல்லை.

தனகோட்டி சொன்னதை மதித்தேன். மறுநாளிலிருந்து இதய மாத்திரைக்குப் பதில் அதே நிறத்தில் சத்து மாத்திரை கொடுத்தேன். கஷாயத்தை மட்டும் வேளை தவறாமல் நானே ஊற்றிக் கொடுத்தேன். நாலாம் நாள் கால் வீங்கியது. டாக்டர் மாத்திரையை இரண்டாக்கினார். நானும் சத்து மாத்திரையை இரண்டாக்கினேன். தனகோட்டியின் மனைவி செங்கமலம் அழுதார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது.

ஆறாம் நாள் தனகோட்டி மூச்சு வாங்க என் கையைப் பிடித்தார்.

"சம்பந்தி போய்ட்டாருங்களா சிஸ்டர்? அந்தக் கஷாயத்தக் கீழ ஊத்திடுங்க. என்ன நிக்க வச்சிகினு இருந்தது மாத்திரதாங்க."

ஒருமுறை எழுதிய பதிலைத் திருத்தக் கூடாது என்று படிவத்தின் அடியில் அச்சிட்டிருக்கிறது. அவருக்கு அதைக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் அவரால் படிக்க முடியவில்லை, நானே வாசித்துக் காட்டினேன்.

எட்டாம் நாள் காலை இறந்துவிட்டார். மாத்திரையை மாற்றியது நான்தான். ஆறாம் நாளிலேயே திரும்பக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. அந்த வார்டில் அவர் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டவள் நான் ஒருத்திதான்.