பதினோராம் கேள்விக்கு வந்த குரல்

— காப்பி அடிச்சேன்னு சொல்றீங்களா டீச்சரம்மா? அம்பத்தி மூணு வயசுலயா?

— நான் சொல்லலை கவ்ரிலா ஐயா. பரீட்சையைக் கண்காணிக்கிற கம்ப்யூட்டர் சொல்லுது. வீட்டுல உக்காந்துதானே எழுதுனீங்க? ரெண்டு மணி நேரமும் பேச்சுக்குரல் கேட்டுச்சாம். ரத்து பண்ணச் சொல்லுது. முகம் பாத்துக் கேட்டுடலாம்னுதான் வீடியோவுல கூப்பிட்டேன்.

— ரத்தானா நான் ரோடு ரோலர்ல ஏற முடியாது. எட்டாம் வகுப்பு சான்றிதழ் இல்லாதவனுக்கு மண்வெட்டிதான்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. சூடு தார்ல நின்னு நின்னு முட்டி ரெண்டும் போச்சு.

— பதறாதீங்க. ஒரு பத்தி அனுப்பியிருக்கேன். மனசுக்குள்ள படிங்க.

— தன்யூப்... ஆறு... கருங்கடல்ல...

— மனசுக்குள்ள ஐயா!

— மனசுக்குள்ள படிச்சா எழுத்து ஓடிப்போவுது. வாயால பிடிச்சாத்தான் நிக்குது. அம்பது வயசுல கத்துக்கிட்டதுல்ல?

— ஓ! அப்ப அந்த முணுமுணுப்பு உங்களோடதுதான். எழுதிக்கிறேன். ஆனா பதினோராம் கேள்வியப்போ ஒரு பொம்பளைக் குரல், ‘முக்கால்’னு கத்துதே?

— நான்தான் டீச்சர்! பரஸ்கீவா, இவரு பொண்டாட்டி.

— நீ ஏண்டி குறுக்க வர்ற? அடுப்பைப் போய்ப் பாரு.

— அடுப்பு கிடக்கட்டும். டீச்சர், எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அன்னைக்குக் குளிர்காலத்துக்கு ஜாடியில போட்டு வைக்கக் குடமிளகாய் சுட்டுக்கிட்டு இருந்தேன். அரைக் கிலோ மாவும் கால் கிலோ மாவும் சேர்ந்தா எவ்வளவுன்னு இந்த மனுஷன் பத்து தடவை வாசிச்சாரு. பொறுக்க முடியலை, கத்திட்டேன். தப்பு என்னுது. இவரை விட்டுடுங்க.

— இருங்கம்மா. ஐயா என்ன எழுதியிருக்காருன்னு பாக்கிறேன்... ஆறுல ரெண்டு பங்கு.

— ஆமா டீச்சரம்மா. மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு, கீழ ரெண்டும் நாலும் ஆறு. தப்பா?

— சுத்தத் தப்பு. அரைக் கிலோவோட இன்னும் கொஞ்சம் கொட்டினா குறைஞ்சா போகும்? உங்க வீட்டம்மா சொன்னதுதான் சரி.

— அப்ப போச்சு.

— எங்க போச்சு? சரியான பதிலைக் காதுல கத்தியும் தப்பா எழுதியிருக்கீங்க. நீங்களாத்தான் எழுதுனீங்கங்கிறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? மத்ததெல்லாம் நல்லாவே எழுதியிருக்கீங்க. பாஸ்!

— டீச்சரம்மா! ரத்துன்னு ஒரு கோடு போட்டுட்டுப் போகாம, கூப்பிட்டுக் கேட்டீங்களே. உங்க பிரயிலா ஊர் ரோட்டுக்கு நான் ரோலர் ஓட்டிட்டு வர்றப்போ பாருங்க, ஒரு மேடு பள்ளம் இருக்காது.

— நன்றியைப் பக்கத்துல நிக்கிறவங்களுக்குச் சொல்லுங்க ஐயா.

— எனக்கு எதுக்கு டீச்சர்? கடவுளே, முப்பது வருஷமா நான் சொல்ற ஒரு சொல்லையும் காதுல வாங்காத புருஷனைக் குடுத்தியே, உனக்குக் கோடி நன்றி!