மாலை போட்ட மெசினும் மூன்று நிமிட மௌனமும்

தலைமைப் பொறுப்போடும் தலையில் கம்பளித் தொப்பியோடும் தளராது வீற்றிருக்கும் தலைவர் அருமைநாயகி அம்மையார் அவர்களே! என் பக்கத்தில் அமர்ந்து, "ஐயா, பத்து நிமிசம்தான்" என்று மூன்றாவது முறையாகத் துண்டு எழுதி நீட்டும் செயலாளர் தம்பி டினேஷ் அவர்களே! லண்டனின் மிச்சம் நகர்த் தமிழ் மூத்தோரே! ட்ராமில் வந்தோரே, பஸ்ஸில் வந்தோரே, மதியச் சோறு உண்டு என்ற ஒரே நம்பிக்கையில் இல்ஃபோர்டிலிருந்து ரயில் மாறி மாறி வந்து சேர்ந்த சொந்தங்களே! ஜாக்கெட்டின் மேல் ஜாக்கெட், அதன் மேல் சால்வை, அதற்கும் மேல் பொறுமை அணிந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் வலக்கையில் கட்டோடு இருக்கும் என் நாற்பது வருடத் தோழர் செபமாலைமுத்து அவர்களே! கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், வேலைச் சட்டையோடு தனியே இருக்கும், என் மகள் போன்ற அஜித்தா அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த ஆனந்தராஜாவின் வணக்கம்.

குளிர்கிறதா? குளிரத்தான் செய்யும். ஐந்து கிழமையாக இந்த மண்டபத்தில் சூடு இல்லை. நேற்றுக் குசினியில் ஒருவர் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்து, அதற்குள் கையை விட்டுக் குளிர் காய்வதை என் கண்ணால் கண்டேன். பொய்யா? அவர் இங்கேதான் இருக்கிறார், கேட்டுப் பாருங்கள்!

இன்று எனக்கு இட்ட பணிகள் இரண்டு. கோடையில் குளிரும் மாரியில் சூடும் தரவல்ல நம் புதிய மெசினை ஆபத்தில்லாமல் தொடக்குவது எப்படி என்று விளக்குவது முதலாவது. என் பேச்சு முடிந்ததும் வாசிக்கப்படும் கடிதத்தை ஆதரிப்பது இரண்டாவது. அஜித்தா வேலை செய்யும் கம்பனிக்குப் போகிறது அந்தக் கடிதம். அவர் பிழையாகப் பொருத்திய மெசின் தானாகவே இயங்கி ஒரு மனிதனின் கையைக் கிழித்தது என்று அது சொல்கிறது. நீங்கள் கை உயர்த்தினால் கடிதம் இன்றே போகும். கடிதம் போனால் அந்தப் பிள்ளையின் வேலையும் போகும். அதில் இருக்கும் முதல் கையெழுத்து என்னுடையது.

எனக்குப் பயமாக இருக்கிறது, சபையோரே. அகதிக் கோரிக்கைக்கான ஹோம் ஒபிஸ் நேர்முகத்தில் ஐந்து மணித்தியாலம் இருந்தேன், அஞ்சினேனா? பனிக்காலத்தில் முழு லண்டனும் வழுக்கிய நாளில் பாட்டா செருப்போடு வால்தம்ஸ்டோவுக்குப் போய் வந்தேன், அஞ்சினேனா? என் மனைவி பாலாம்பிகையின் கையிலிருந்து புட்டுக்குழல் ஏவுகணையாய் எழும்பி என் காதோரம் பறந்தபோதும்... என்ன பாலாம்பிகை? "அது போன கிழமைதானே" என்கிறீரா? சரி, அன்று அஞ்சினேன். ஆனால் இன்று அஞ்சுவது போல் அன்று அஞ்சவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மெசினின் உட்பகுதி, அதோ, உங்கள் தலைக்கு மேலே வெள்ளையாகச் சுவரில் இருக்கிறது. வெளிப்பகுதி பின்முற்றத்தில் இருக்கிறது. அதன் வயிற்றுக்குள் பெரிய காற்றாடி, முகத்தில் கம்பிவலை. பக்கத்துச் சுவரில் அதற்கென்றே ஒரு சிவப்புச் சுவிச்சு. பொருத்தி முடித்த வெள்ளிக்கிழமை காலை, அஜித்தா எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பாடம் எடுத்தார்.

"அங்கிள், முதல்தரம் ஸ்டார்ட் பண்ண முன்னம் ஒரு நாள் முழுக்கக் கரண்டைக் குடுத்து வையுங்கோ. உள்ளுக்கு ஒயில் சூடாகோணும். சூடு வேணுமெண்டால் ரிமோட்டில சூரியன் படம், குளிர் வேணுமெண்டால் பனிப்பூப் படம். அமத்தின உடனை ஓடேல்லை எண்டு பதறாதேங்கோ. மூண்டு நிமிசம் யோசிச்சுத்தான் ஓடும்."

"மூண்டு நிமிசம் யோசிக்குமோ? அப்ப உது எங்கட கமிற்றியை விடக் கெட்டிக்கார மெசின்," என்றேன் நான். எல்லாரும் சிரித்தார்கள். அஜித்தாவும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு சின்னப் பூட்டை என் கையில் தந்தார்.

"அங்கிள், இது பகிடி இல்லை. ஆராவது வெளி மெசினிலை கை வைக்கிறதெண்டால், முதல் இந்தச் சிவப்புச் சுவிச்சை நிப்பாட்டி, இந்தப் பூட்டைப் போட்டு, திறப்பைத் தன்ர பொக்கற்றுக்குள்ள வைச்சிருக்கோணும். கை வைக்கிற ஆளின்ர பொக்கற். வேற ஆற்றையும் இல்லை. கரண்ட் போய்த் திரும்பி வந்தால், உது ஆரும் அமத்தாமலே தானா எழும்பி ஓடும்."

கேட்டீர்களா? அந்தப் பிள்ளை சொன்னார். ஒருமுறை சொன்னார், மறுமுறை சொன்னார், பிறகு நீல மையில் தமிழில் எழுதி மெசினுக்கு மேலே ஒட்டியும் வைத்தார்.

நாம் என்ன செய்தோம்? ஒரு நாள் காத்திருக்கச் சொன்னார்; நாம் இரண்டு நாள் காத்திருந்தோம். அறிவினாலா? இல்லை ஐயா, சனிக்கிழமை நாள் சரியில்லை என்று பஞ்சாங்கம் சொன்னது! பூட்டு எங்கே போனது? பெரிய சட்டிகள் அடிக்கடி காணாமற் போகின்றன என்று பாத்திர அலுமாரிக்குப் போனது! அஜித்தா ஒட்டிய கடதாசி? அதற்கு மேல்தான் சாமந்தி மாலை தொங்கியது!

ஓம், மாலைதான். புது வான் வாங்கினால் மாலை போடுகிறோம், புதுக் கடை திறந்தால் மாலை போடுகிறோம், புது மெசினை மட்டும் வெறுங்கழுத்தோடு விடலாமா? ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, காற்றாடிக்கு முன்னால் மூன்று முழ மாலையைக் கட்டி, மெசினின் விளிம்பிலேயே தேங்காயை உடைத்தவன் இந்த ஆனந்தராஜா. ஒரே அடி! குரோய்டன் வரை கேட்டிருக்கும். செபமாலைமுத்து பக்கத்தில் நின்று, "நான் சிலுவை போட்டிட்டன் அண்ணை, நீங்கள் தேங்காயை உடையுங்கோ. ரெண்டு பக்கத்தாலயும் காவல்," என்றார்.

தலைவர் ரிமோட்டை அமத்தினார். சூரியன் படம். மெசின் யோசித்தது; ஓடியது. நாங்கள் கை தட்டினோம். காற்றாடி மாலையைப் பார்த்தது. மாலையின் நூல் ஒன்று வலைக்குள் நுழைந்தது. அவ்வளவுதான்! பூவும் நாரும் நூலுமாய் உள்ளே போய்ச் சுற்றிக்கொள்ள, மெசின் விக்கியது, முக்கியது, முனகியது. அதே கணம், வழிந்த தேங்காய்த் தண்ணீர் உள்ளே எந்த மூலையைத் தேடிப் போனதோ, பட்டென்று கரண்ட் நின்றது.

நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து அழைத்த சனம் நூற்றிருபது பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வெளியே நாலு பாகை குளிர். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அப்படியே விட்டுவிட்டு அஜித்தாவுக்குப் போன் எடுத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? மண்டபத்துக்குள் ஓடிப்போய், மின்சார அலுமாரியைத் திறந்து, விழுந்த சுவிச்சை மேலே தள்ளினேன். விழுந்தது. தள்ளினேன். விழுந்தது. பாலாம்பிகை பின்னால் வந்து நின்று, "இஞ்சேருங்கோ, அது வேண்டாமெண்டு விழுகுது. நீங்கள் ஏன் அதோட சண்டைக்குப் போறியள்?" என்று கேட்டார். என் வாழ்நாளில் நான் கேட்காமல் விட்ட நல்வார்த்தைகளில் அது தலையாயது. மூன்றாம் முறை தள்ளினேன்.

இம்முறை சுவிச்சு விழாமல் மேலேயே நின்றது.

ஆனால் வெளியே சத்தமில்லை. காற்றாடி அசையவில்லை. காது கொடுத்தேன், மெசின் செத்துவிட்டது என்று நினைத்தேன். அந்நேரம் ஜன்னலுக்கு வெளியே முத்துவின் தலை தெரிந்தது. கையில் ஸ்க்ரூ டிரைவர். கம்பிவலையின் ஆணிகளை அவர் அதற்குள் கழற்றிவிட்டார்.

"அண்ணை, நார் நல்லாச் சுத்திப் போட்டுது. இழுத்து எடுக்கிறன். கரண்டை நிப்பாட்டியாச்சோ?"

சபையோரே, இனி நான் சொல்லப்போவதை ஐந்து கிழமையாக நான் யாருக்கும் சொல்லவில்லை. கமிற்றிக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டபோதும் சொல்லவில்லை. என் கையெழுத்து இருக்கும் அந்தக் கடிதத்திலும் அது இல்லை.

முத்து, வேண்டாம் என்று தலையை ஆட்டாதே. விடு, நான் சொல்லிப் போடுறன்.

"ஓம், ஓம், நிப்பாட்டியாச்சு! நீ பயப்பிடாமல் கையை விடு!" என்றேன் நான்.

நிப்பாட்டவில்லை. கரண்டைக் கொடுத்துவிட்டு, இல்லை என்றேன். சத்தம் இல்லாததைக் கரண்ட் இல்லாதது என்று எண்ணினேன். ஒரு நிமிடம் போனது. முத்து உள்ளே கையை விட்டு ஒரு பிடி பூ எடுத்தார். இரண்டு நிமிடம் போனது. "சாமந்தி நல்ல வாசம் அண்ணை," என்றார். அந்த மெசின் அதற்குள் இருந்து யோசித்துக்கொண்டிருந்தது. ஆருக்கும் தெரியாமல், அமைதியாக, எண்ணிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலோரம் நின்று, தலைவர் என்ன சொல்வாரோ, சனம் என்ன சொல்லுமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது நிமிடம் முடிந்தது.

அந்தச் சத்தத்தைப் பற்றி நான் மிகைப்படுத்தப் போவதில்லை. குரோய்டன் வரை கேட்டது என்று சொல்லப் போவதில்லை. அது சின்னச் சத்தம். ஈர விறகு முறிவது போல. அதற்குப் பிறகு முத்து கத்தவில்லை. அதுதான் என்னை இன்றுவரை கொல்கிறது. தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாமந்திக்கும் இரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் கிடந்தது நிலம். இரண்டு விரல் முறிவு, பதினேழு தையல். அந்த விரல்கள் இனி முழுதாய் மடங்குமோ என்று டொக்டருக்கே தெரியாது. நார் காற்றாடியை இறுக்கிப் பிடித்ததால் அது அரைச் சுற்றோடு நின்றது. நிற்காவிட்டால்? அந்தக் கேள்விக்கு விடை தேடப் பயந்துதான் நான் கட்டிலில் படுத்தபடி கண்ணை மூடாமல் கிடக்கிறேன்.

அன்று மாலை கமிற்றி கேட்டது: என்ன நடந்தது? "மெசின் தானா ஓடினது. அந்தப் பிள்ளை பிழையாப் பொருத்திப்போட்டுது," என்றேன். எல்லாரும் நம்பினீர்கள். ஏன் நம்பமாட்டீர்கள்? நான் வயதானவன், மேடை ஏறுபவன், மாலை போடுபவன். அவர் வேலைச் சட்டை போட்ட ஒரு பெண்பிள்ளை. முத்துவுக்கு உண்மை தெரியும். என்னிடம் கேட்டவர் அவர்தானே, என் பதிலைக் காதால் கேட்டவரும் அவர்தானே? என் மானத்துக்காக அவர் வாயை மூடினார். அவர் மூடிய வாயின் விலையை அஜித்தா கட்டப் போகிறார்.

என்ன டினேஷ்? நேரம் முடிந்துவிட்டதா? முடியட்டும். இன்னும் ஒரு நிமிடம் தா, தம்பி. கடைசி வரிசையில் எழுந்து நிற்கும் மகளே, போகாதேங்கோ. கொஞ்சம் இருங்கோ.

ஆகவே, அவையோரே, முதற் பணியை முடிக்கிறேன். மெசின் விழுத்திய சுவிச்சை ஒருமுறைக்கு மேல் தள்ளாதீர்கள். இரண்டாம் முறையும் விழுந்தால் அது உங்களைக் காப்பாற்றத்தான் விழுகிறது. பனிநாளில் வெளி மெசினிலிருந்து புகைபோல ஆவி எழுந்தால் தண்ணீர் ஊற்ற ஓடாதீர்கள். அது தன் மேல் படிந்த பனியை உருக்குகிறது. காற்றாடிக்கு முன்னால் மாலையோ சேலையோ சாக்கோ வேண்டாம். பூட்டைச் சட்டி அலுமாரியிலிருந்து கழற்றி, சட்டிகளைக் களவுக்கு விட்டுவிடுங்கள். சட்டி போனால் வேறு சட்டி வாங்கலாம். கை வைப்பவரின் பொக்கற்றுக்குள் திறப்பு இல்லாமல் ஒரு விரலும் அந்த வலைக்குள் போகக்கூடாது. "நிப்பாட்டியாச்சு" என்று ஒருவன் ஜன்னலில் நின்று கத்தினால், அவன் ஆனந்தராஜாவாக இருந்தாலும், ஆனந்தராஜாவாக இருந்தால் முக்கியமாக, நம்பாதீர்கள்!

இரண்டாம் பணியை நான் செய்யமாட்டேன். தலைவர் அவர்களே, அந்தக் கடிதத்தில் உள்ள என் பெயரை உங்கள் முன்னாலேயே இப்போது வெட்டுகிறேன். வேறு கடிதம் ஒன்று எழுதுங்கள். அஜித்தா சரியாகப் பொருத்தினார், சரியாகச் சொல்லித் தந்தார், தமிழில் எழுதியும் வைத்தார். அதை மாலையால் மூடியவன், கரண்டைப் பற்றிப் பொய் சொன்னவன் ஆனந்தராஜா என்று எழுதுங்கள். முழுப் பெயர், வீட்டு விலாசம் எல்லாம் போடுங்கள். அதற்குக் கை உயர்த்துங்கள்.

ஏன் ஒருவரை ஒருவர் பார்க்கிறீர்கள்? திட்டுகிறவர்கள் திட்டலாம். மைக்கை வேண்டுமானாலும் தருகிறேன்.

ஆ... முத்து. கட்டுப் போட்ட கையையா உயர்த்துகிறாய்? மற்றக் கையை உயர்த்தடா, மடையா. அது நோகும்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், கண் துடைக்கும் தாய்மார்க்கும், கை உயர்த்தியவர்க்கும், இன்னும் உயர்த்த யோசிப்பவர்க்கும், எல்லாருக்கும் மேலாக, மறுபடி இருக்கையில் அமர்ந்துவிட்ட மகள் அஜித்தாவுக்கும் என் நன்றி. மேடையை விட்டு இறங்குகிறேன். தம்பி டினேஷ், கையைக் கொஞ்சம் பிடி. வணக்கம்.