தம்பி தட்டின கதவு

— தம்பியா வந்திருந்தா திறக்கிறேன். போலீசா வந்திருந்தா கோர்ட்டு ஆர்டரக் காட்டு.

— அக்கா, பின்னாடி இன்ஸ்பெக்டர் நிக்கிறாரு. மானத்த வாங்காத.

— அவருக்கும் கேக்கட்டும்னுதான் சத்தமாச் சொல்றேன்.

— நான் என்ன சொல்றேன்னா, இதப் பாரும்மா, உன் புருஷன் அடிச்ச நோட்டீஸ் உள்ள கட்டுக்கட்டா இருக்காம். எடுத்துக் குடுத்துட்டா நாங்க பாட்டுக்குப் போயிடுவோம்.

— இருக்கு சார், இல்லன்னு சொல்லல. குழாய்ல சாக்கடைத் தண்ணி வருதுன்னு போட்டிருக்கோம். சாயங்காலம் கூட்டத்துல குடுக்கணும்.

— நான் என்ன சொல்றேன்னா, கலவரம் வந்தா?

— வெட்டு, குத்துன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா நீங்க புடிக்கிறது நியாயம். தண்ணி நாறுதுன்னு சொன்னா என்ன கலவரம்? ஒரு டம்ளர் தரட்டுமா, குடிச்சுப் பாக்குறீங்களா?

— அதெல்லாம் வேணாம்.

— பாத்தீங்களா.

— கதவ உடைக்க எவ்வளவு நேரமாகும்னு நினைக்கிற?

— ஒரு நிமிஷம் ஆகாது. ஆனா எதிர்வீட்டு டீச்சர் போன்ல படம் புடிச்சிட்டிருக்காங்க. கீழ தையல்கடையில வேலையே நின்னுபோச்சு. யாரக் கேட்டு உடைச்சீங்கன்னு நாளைக்குக் கோர்ட்டுல கேட்டா, நீங்கதான் சார் பதில் சொல்லணும்.

— எனக்கே சட்டம் சொல்லித் தர்றியா?

— சட்டம் உங்களுக்கு மட்டுமா எழுதியிருக்கு? ஆர்டரோட வாங்க, நானே திறந்து லைட்டப் போட்டுக் காட்டுறேன். அப்ப தடுத்தா என்மேல தப்பு.

— ஞாயித்துக்கிழமை எவன்மா ஆர்டர் குடுப்பான்? யோவ், உங்க அக்காதானே, நீ சொல்லுய்யா.

— அக்கா, கடைசியாக் கேக்கிறேன். எனக்காகத் திற.

— உனக்காக உயிரக் கேட்டாலும் குடுப்பேன்டா. கதவ மட்டும் திறக்கமாட்டேன்.

— சரி, நான் கிளம்புறேன். நாளைக்கு ஆர்டரோடயே வர்றேன்மா. யோவ், நீ பேசிப் பாத்துட்டு வந்து சேரு.

— அக்கா, போயிட்டாரு. ஜீப்பு தெருமுனையத் தாண்டிடுச்சு. கீழ எல்லாரும் கைதட்டுறாங்க, கேக்குதா?

— கேக்குது. அவ்வளவு சந்தோஷமா இருக்குடா. நாளைக்கு வரட்டும், நோட்டீஸ் இன்னைக்கே ஊர் பூராப் போயிடும். உனக்குத்தான் வெக்கமா இல்ல? கூடப்பொறந்தவ வீட்டுக்கே ஆளக் கூட்டிட்டு வந்திருக்க.

— தெரு முழிக்கிறதுக்குள்ள கதவ உடைச்சு அள்ளிடலாம்னு இன்ஸ்பெக்டர் கடப்பாறையோட நின்னாரு அக்கா. எதுக்கு சார் வம்பு, நல்லா விடிஞ்சதும் போவோம், நான் கூப்பிட்டா எங்க அக்கா திறந்துடும்னு நான்தான் சொன்னேன்.

— நான் திறக்கமாட்டேன்னு உனக்குத் தெரியாதாடா?

— தெரிஞ்சுதானேக்கா சொன்னேன்.